ஆளில்லாத பாதைக்கு ஆள் சேர்த்த கதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

இலக்கியம் பேச வல்லவர்கள் நம் சபையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் படைக்கும் விருந்துக்கு முன்னால் வேறு ஏதேனும் ஒன்றைப் பரிமாறும்படி செயலாளர் எனக்குப் பணித்தார். இரயிலைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "ஊருக்குப் போய்வரும் இரயிலைப் பற்றி இங்கே பேசாதவர் இல்லை, வேறு இரயிலாக இருக்கட்டும்" என்றார். ஆகவே உங்களை ஜப்பானுக்கே அழைத்துச் செல்லத் துணிந்துவிட்டேன்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ஒஸாகா, கோபே, கியோத்தோ என்று மூன்று பெருநகரங்கள் அண்மையில் அண்மையில் அமைந்திருக்கின்றன. ஒஸாகா வணிக நகரம், கோபே துறைமுகம், கியோத்தோ பழைய தலைநகரம். இம்மூன்றையும் இணைத்து ஓடுவது ஹங்கியூ என்னும் தனியார் மின்சார இரயில். இன்று அதன் வரைபடத்தைப் பார்ப்பவர், மூன்று நகரங்களையும் இணைக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் முதலிலேயே திட்டமிட்டு அமைத்தார் என்றுதான் எண்ணுவார். உண்மை அதுவன்று. ஒரு பகுதி வேறு போக்கிடம் இல்லாமையால் பிறந்தது. ஒரு பகுதி விலைக்கு வாங்கியது. மற்றொரு பகுதி போர்க்காலத்தில் வந்து சேர்ந்து, போர் முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது. இந்த மூன்றாவது பகுதியைப் பற்றிச் சொல்லத்தான் நான் பெரிதும் விரும்புகிறேன். ஆயினும் முதலில் இருந்து தொடங்கினால்தான் அதன் சுவை விளங்கும்.

ஜப்பானில் முதல் இரயில் ஓடியது 1872-ஆம் ஆண்டில். அரசாங்கத்தின் கையில் பணம் போதாமையால், அதன் பின் வந்த நீண்ட பாதைகள் பலவற்றைத் தனியார் கம்பெனிகளே அமைத்தன. ருஷ்யாவுடன் மூண்ட போர் 1905-இல் முடிந்தது. படைகளையும் சரக்குகளையும் சுமக்கும் பாதைகள் பல கைகளில் சிதறிக் கிடத்தல் தகாது என்ற கருத்து அப்போது வலுப்பெற்றது. 1906-இல் தேசியமயச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகப் பதினேழு தனியார் கம்பெனிகள் அரசாங்கத்தின் உடைமையாயின.

அவ்வாறு கைமாறியவற்றுள் ஹன்காகு இரயில்வேயும் ஒன்று. தங்கள் இரயில் போகப் போகிறது என்பதை அறிந்த அதன் பங்குதாரர்கள், ஒஸாகாவின் உமேதாவிலிருந்து மினோ, தகராஸுகா, ஆரிமா ஆகிய இடங்களுக்கு ஒரு மின்சாரப் பாதை போடுவது என்று தீர்மானித்தார்கள். 1907 அக்டோபரில் 'மினோ ஆரிமா மின்சார டிராம்வே' என்ற பெயரில் புதிய கம்பெனி தோன்றியது. மினோ என்பது ஓர் அருவியும், இலையுதிர் காலத்தில் சிவக்கும் மேப்பிள் மரங்களும் உள்ள மலையடிவாரம். தகராஸுகாவிலும் ஆரிமாவிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. இடையில் இருந்தவை வயல்களும் சிற்றூர்களுமே. நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே ஓடும் இரயிலுக்குத்தான் வருவாய் உண்டு; அருவிக்கும் வெந்நீருக்கும் தினந்தோறும் யார் டிக்கெட் வாங்குவார்? போதாக்குறைக்கு அதே ஆண்டில் பங்குச் சந்தையும் சரிந்தது. கம்பெனியின் பங்குகளில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்ள ஆளே இல்லை. தோன்றிய வேகத்திலேயே கலைத்துவிடலாமா என்றுகூட ஆலோசித்தார்கள்.

அந்த வேளையில் வந்து சேர்ந்தவர் கோபயாஷி இச்சிஸோ. 1873-இல் யமனாஷி மாநிலத்தில் பிறந்தவர். 1893 முதல் மித்ஸுயி வங்கியில் குமாஸ்தா. இளமையில் நாவலாசிரியராக வேண்டும் என்று கனவு கண்டவர். ஒஸாகாவில் தொடங்கவிருந்த ஒரு பங்கு வியாபார நிறுவனத்தில் மேலாளர் பதவி கிடைக்கும் என்று நம்பி, வங்கி வேலையை உதறிவிட்டு 1907-இல் குடும்பத்துடன் வந்தார். சந்தை சரிந்ததால் அந்நிறுவனம் தொடங்கவே இல்லை. வேலையை விட்டு ஊர் மாறி வந்தவரின் நிலையை இச்சபையில் நான் விளக்க வேண்டியதில்லை.

பாதை போகவிருந்த வழியில் இக்கேதா வரைக்கும் அவர் நடந்தே சென்று பார்த்தார். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வெற்று வயல். அவர் கண்டதோ குடியிருக்கத் தகுந்த மேட்டு நிலம். அப்போது ஒஸாகா ஆலைப் புகையால் மூடுண்ட நகரம். உத்தியோகம் பார்ப்போர் நெருக்கடியான தெருக்களில் வாடகைக்கு இருந்து அல்லல்பட்டனர். இரயில் வருவதற்கு முன்பே நிலத்தை மலிவாக வாங்கி, வீடு கட்டி விற்றால், நிலத்தில் லாபம். அங்கே குடிவந்தவர் நாள்தோறும் வேலைக்குப் போய்வருவதால் இரயிலிலும் லாபம். கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பாதை போடுவதுதான் உலக வழக்கம். பாதை போட்ட இடத்துக்குக் கூட்டத்தை வரவழைப்போம் என்றார் அவர். 1908-இல் இந்தப் பாதையே மிக நம்பிக்கைக்கு உரியது என்று விளக்கும் சிறு பிரசுரம் ஒன்றை எழுதி ஊரெங்கும் வழங்கினார். நாவல் எழுதும் ஆசை இப்படியாவது பயன்பட்டது.

சட்டத்தின் ஒரு நுணுக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இக்கம்பெனி இரயில் என்ற பெயரில் அல்லாமல் டிராம் என்ற பெயரில் உரிமம் பெற்றது. இதற்கு முன்னோடி 1905-இல் ஒஸாகாவுக்கும் கோபேவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஹான்ஷின் என்ற கம்பெனி. டிராம் சட்டப்படி தண்டவாளம் பொதுச் சாலையில் இருக்க வேண்டும். ஹான்ஷினின் பாதையோ பெரும்பகுதி தன் சொந்த நிலத்திலேயே இருந்தது. பாதையில் எங்கேனும் ஒரு பகுதி சாலையில் இருந்தால் போதும் என்று அதிகாரிகள் தாராளமாகப் பொருள் கொண்டதால் அது பிழைத்தது. அரசாங்க இரயிலின் அகலம் 1067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் அதிகம். டிராம் கம்பெனிகளோ 1435 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டன. டிராம் என்று பெயர் வைத்துக்கொண்டு, அரசாங்க இரயிலைவிட அகலமான பாதையில் ஓடின. இந்த அகலத்தைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1910 மார்ச் 10-ஆம் நாள் உமேதாவிலிருந்து தகராஸுகாவுக்கும், கிளையாக மினோவுக்கும் வண்டிகள் ஓடின. அதே ஆண்டில் இக்கேதாவில் வீடுகள் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 330 சதுர மீட்டர் மனையில், தோட்டத்துடன் அமைந்த வீடு. மொத்தம் ஏறத்தாழ இருநூறு. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தினால் போதும். எஞ்சியதைப் பத்து ஆண்டுகளில் மாதத் தவணையாகச் செலுத்தலாம். தவணை என்ற சொல்லை நம் காலனியில் எந்த வீட்டில் கேட்க முடியாது? ஆனால் 1910-இல் ஜப்பானிய உத்தியோகஸ்தருக்கு அது புதுமை. சம்பளத்தை நம்பி வீடு வாங்கலாம் என்ற எண்ணமே அங்கே அதற்குப் பிறகுதான் பரவியது.

காலையில் நகரத்துக்கு நிறைந்து செல்லும் வண்டி திரும்பும்போது காலியாகத்தானே வரும்? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? அதற்காகவே மினோவில் ஒரு விலங்குக் காட்சிசாலையும், 1911-இல் தகராஸுகாவில் பளிங்குத் தளமிட்ட வெந்நீர் நீராட்டு மண்டபமும் தோன்றின. நீராட்டு மண்டபத்துக்கு அருகே கூரைக்குள் ஒரு நீச்சல் குளமும் கட்டினார்கள். வெயில் படாத குளமாதலால் நீர் பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் நீந்தலாகாது என்று தடையும் இருந்தது. குளம் தோற்றது. கோபயாஷி அதன் மேல் பலகை பரப்பினார். குளம் பார்வையாளர் கூடமாயிற்று. 1913-இல் இளம் பெண்களைத் திரட்டி இசை பயிற்றுவித்து, 1914 ஏப்ரல் முதல் நாள் அங்கே அரங்கேற்றினார். பெண்களே ஆண் வேடமும் ஏற்கும் தகராஸுகா நாடகக் குழு இன்றும் புகழுடன் விளங்குகிறது. 1924-இல் ஏறத்தாழ 4000 பேர் அமரத்தக்க பேரரங்கம் எழுந்தது. வீணான ஒரு குளத்திலிருந்து இத்தனை என்றால் வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி இணைப்புகளுக்கு வருவோம்.

கம்பெனியைத் தாங்கிநின்றது ஒஸாகாவின் கிதாஹாமா வங்கி. 1914-இல் அவ்வங்கி நெருக்கடியில் வீழ்ந்தது. வங்கியிடம் இருந்த கம்பெனிப் பங்குகள் யார் கைக்குப் போகுமோ என்ற நிலையில், கோபயாஷி கடன் வாங்கியும் நண்பர்களைத் திரட்டியும் அவற்றை வாங்கினார். சம்பளத்துக்கு நிர்வாகம் செய்தவர் அன்றுதான் உண்மையில் முதலாளியானார். அதே வங்கியின் ஆதரவில் இருந்த நாதா வட்டப்பாதை டிராம் என்னும் இன்னொரு கம்பெனி, கோபேயை ஒட்டிப் பாதை போடும் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கட்டாமல் இருந்தது. தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. காகிதம் மட்டும் இருந்தது. அந்தக் காகிதத்தை வாங்கினால் கோபேக்கு வழி திறக்கும். ஹான்ஷின் கம்பெனி தன் வாசலில் போட்டி வருவதைக் கண்டு கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்பைக் கடந்து 1919-இல் அக்கம்பெனி இணைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1918-இல், மினோ ஆரிமா என்ற பெயர் போய் 'ஹான்ஷின் கியூகோ' என்ற பெயர் வந்துவிட்டது. ஆரிமாவுக்கு அக்கம்பெனி ஒருபோதும் பாதை போடவில்லை; பெயரில் மட்டும் பத்து ஆண்டுகளுக்கு மேல் சுமந்து திரிந்தது.

பெயர்களைச் சற்று விளக்கினால் பின்னால் வரும் குழப்பம் நீங்கும். ஒஸாகாவின் எழுத்து ஒன்றை 'ஹான்' என்றும், கோபேயின் எழுத்தை 'ஷின்' என்றும், கியோத்தோவின் எழுத்தைக் 'கெய்' என்றும் ஒலிப்பதுண்டு. 'கியூகோ' என்றால் விரைவு வண்டி. எனவே ஹான்ஷின் என்றால் ஒஸாகா-கோபே. ஹான்ஷின் கியூகோ என்றால் ஒஸாகா-கோபே விரைவு இரயில். இதன் சுருக்கமே ஹங்கியூ. பழைய கம்பெனியின் பெயரோடு 'விரைவு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். பழையது மெதுவாக ஓடுவது என்று சொல்லாமல் சொன்னதாயிற்று!

1920 ஜூலை 16-இல் கோபே பாதை திறந்தது. ஹான்ஷினின் பாதை கடலோர ஊர்களைத் தொட்டு வளைந்து சென்றது. இதுவோ மலையடிவாரத்தில் நேராகச் சென்றது. அங்கே வீடுகள் குறைவு. அதனால் வேகமாகச் செல்ல முடிந்தது. அதனாலேயே ஆளும் குறைவு. வண்டி அழகானது, விரைவானது, காலியாக இருக்கிறது, காட்சியும் நன்றாயிருக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். தன் வண்டியில் கூட்டமில்லை என்று தானே பறைசாற்றிய கம்பெனி உலகில் வேறு உண்டோ? முதலில் 50 நிமிடம் ஆன பயணம் 1934-இல் 25 நிமிடமாகக் குறைந்தது. மலையடிவாரம் முழுதும் வீடுகள் எழுந்தன. 1929-இல் குவான்ஸெய் காக்குயின் என்ற கல்விக்கூடம் கோபேயிலிருந்து நிஷினோமியாவுக்கு இடம் மாறியது. உத்தியோகஸ்தர் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் மாணவர் சென்றனர்; இரு திசையிலும் வண்டி நிறைந்தது.

அதே 1929-இல் உமேதா நிலையத்தின் மேலேயே பல்பொருள் அங்காடி திறக்கப்பட்டது. ஜப்பானில் பெரிய அங்காடிகள் பட்டுத்துணிக் கடைகளிலிருந்து வளர்ந்தவை. இரயில் கம்பெனி அங்காடி நடத்துவதைக் கண்டு பலர் நகைத்தனர். அதன் உணவுக்கூடத்தில் மிகுதியாக விற்றது என்ன தெரியுமா? கறிச்சோறு! நம் நாட்டிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துச் சென்று, அவர்களிடமிருந்து ஜப்பானியர் கற்ற அதே 'கறி'தான். பொருளாதார மந்தம் வந்தபோது, அதற்கும் காசில்லாதவர்கள் வெறுஞ்சோறு மட்டும் வாங்கி, மேசைமேல் இருந்த சாஸை ஊற்றிக்கொண்டு உண்டார்கள். மற்ற கடைகள் அவர்களை விரட்டின. கோபயாஷி வரவேற்றார், இன்று ஏழையாக வருபவர் நாளை குடும்பத்துடன் வருவார் என்பது அவர் கணக்கு. வணிகக் கணக்குத்தான், ஆனால் எனக்குப் பிடித்த கணக்கு.

இப்போது கதையின் மறுபக்கத்துக்குச் செல்வோம். ஒஸாகாவுக்கும் கியோத்தோவுக்கும் இடையே யோதோ ஆறு ஓடுகிறது. அதன் இடது கரையில் 1910 ஏப்ரல் 15-இல், அதாவது மினோ ஆரிமா திறந்த மறு மாதமே, கெய்ஹான் என்னும் கம்பெனி மின்வண்டி விட்டது. பழைய நெடுஞ்சாலையை ஒட்டியது, வளைவுகள் மிகுந்தது. வலது கரையில் வேறு யாரேனும் நேர்ப்பாதை போட்டுவிட்டால் தன் கதி என்ன என்று அஞ்சிய கெய்ஹான், தானே 1922-இல் ஷின்-கெய்ஹான், அதாவது 'புதிய கெய்ஹான்', என்ற துணைக் கம்பெனியை நிறுவியது. அக்கம்பெனி 1923-இல் வடஒஸாகா மின்சார இரயில்வே என்ற சிறிய பாதையை விலைக்கு வாங்கியது. அச்சிறு பாதை ஜூஸோ என்ற நிலையத்தில் ஹங்கியூவைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பின்னால் அதுவே எல்லாவற்றையும் முடிவு செய்தது.

ஷின்-கெய்ஹானின் கியோத்தோ பாதை 1928-இல் திறந்தது. நேரான பாதை, கனமான தண்டவாளம், பெரிய வண்டிகள். அரசாங்க இரயிலின் புகழ்பெற்ற 'த்ஸுபாமே' விரைவு வண்டியை அது இணையாக ஓடி முந்தும் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1931-இல் கியோத்தோ நகருக்குள் சுரங்கப்பாதையும் அமைத்தார்கள். ஆனால் இத்தனைக்கும் ஆன கடன் மலைபோல் குவிந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930-இல் தாய்க் கம்பெனியான கெய்ஹான், பிள்ளையையும் பிள்ளையின் கடனையும் சேர்த்துத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்கியது கெய்ஹானின் பங்குதாரர்களே என்பதை மறக்கலாகாது.

1938-இல் தரைவழிப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டம் வந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் கம்பெனிகளை ஒன்றாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கோபயாஷி 1940-இல் வர்த்தக, தொழில் அமைச்சரானவர். அரசாங்கமே தொழில்களை ஆள வேண்டும் என்ற அதிகாரிகளோடு மோதி, பின்னாளில் பிரதமரான கிஷி நோபுஸுகேயைத் துணை அமைச்சர் பதவியிலிருந்து விலகச் செய்தவர். சில மாதங்களில் தாமும் விலகினார். ஆனால் அவர் எதிர்த்த அதே போக்கினால் அவர் வளர்த்த கம்பெனி பெரிதாயிற்று. 1943 அக்டோபர் முதல் நாள் ஹங்கியூவும் கெய்ஹானும் இணைந்து, மூன்று நகரங்களின் எழுத்தையும் தாங்கிய 'கெய்ஹான்ஷின் கியூகோ' ஆயின. எஞ்சி நின்றது ஹங்கியூ, கலைந்தது கெய்ஹான். அக்காலத்தில் நாடெங்கும் இப்படித்தான். டோக்கியோவில் ஒதாக்கியூ, கெய்க்கியூ, கெய்யோ ஆகியவற்றின் பாதைகள் எல்லாம் கோத்தோ கெய்தா என்பவரின் கம்பெனிக்குள் சென்றன. அவருடைய பெயரைச் சற்றே திரித்து 'கொள்ளைக்காரர்' என்று பொருள்படும்படி மக்கள் அழைத்தார்கள்.

போர் முடிந்தது. டோக்கியோவில் 1948-இல் அம்மூன்றும் தனித்தனியே பிரிந்தன. ஒஸாகாவில் 1949 டிசம்பர் முதல் நாள் கெய்ஹான் பிரிந்து மீண்டும் தனிக் கம்பெனியாயிற்று. ஆனால் இடது கரைப் பாதையோடுதான் அது பிரிந்தது. வலது கரையின் நேர்ப்பாதை, தான் கடன்பட்டுக் கட்டிய ஷின்-கெய்ஹான், ஹங்கியூவிடமே நின்றுவிட்டது. காரணம் அந்த ஜூஸோ இணைப்பு. போர்க்காலத்திலேயே, 1944-இல், கியோத்தோ வண்டிகள் சில ஜூஸோ வழியாக ஹங்கியூவின் உமேதாவுக்கு வரத் தொடங்கியிருந்தன. பாதை ஹங்கியூவின் வலையோடு பின்னிவிட்டது என்று வாதிட்டார்கள். இணைந்த கம்பெனியின் நிர்வாகத்தில் ஹங்கியூ தரப்பின் கைதான் ஓங்கியிருந்தது.

இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். கெய்ஹானுக்கு அநீதிதான் இழைக்கப்பட்டது என்பது என் கருத்து. பாகப்பிரிவினையில், கடனை அடைத்த தம்பிக்குப் பழைய வீட்டைக் கொடுத்துவிட்டு, புது வீட்டை அண்ணன் வைத்துக்கொண்டது போன்றதுதான் இது. ஆனால் பயணிகளைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். ஷின்-கெய்ஹானின் பழைய முனையமான தென்ஜின்பாஷி நகரின் ஓரத்தில் இருந்தது. கியோத்தோவில் ஏறி நேரே உமேதாவில் இறங்கியவருக்கு, எந்தக் கம்பெனி யாருக்குக் கடன்பட்டது என்பதில் என்ன அக்கறை? இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

கெய்ஹானும் சோர்ந்துவிடவில்லை. வளைவுப் பாதையில் வேகத்தில் வெல்ல முடியாது என்று கண்டு, 1954-இல் வண்டிக்குள் டெலிவிஷன் பெட்டியை வைத்து ஆள் சேர்த்தது! ஹங்கியூவோ 1959-இல் உமேதாவுக்கும் ஜூஸோவுக்கும் இடையே கியோத்தோ வண்டிகளுக்கென்று மூன்றாவது இரட்டைப் பாதையைப் போட்டது.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த அகலத்துக்கு இப்போது வருகிறேன். 1964-இல் தொடங்கிய ஷின்கான்ஸென் அதிவேக இரயிலுக்கும் 1435 மில்லிமீட்டர் அகலமே வைத்தார்கள். அதன் பாதை ஓரிடத்தில் ஹங்கியூவின் கியோத்தோ பாதையை ஒட்டியே செல்கிறது. அங்கே ஹங்கியூ தன் பாதையை மேலுயர்த்த வேண்டியிருந்ததால், 1963-இல் சில மாதங்கள் அதன் வண்டிகள் புதிய ஷின்கான்ஸென் தண்டவாளத்தின் மேலேயே ஓடின. உலகப் புகழ்பெற்ற அப்பாதையில் முதன்முதல் டிக்கெட் வாங்கிப் பயணம் செய்தவர்கள், அலுவலகத்துக்குப் போன சாதாரண ஹங்கியூ பயணிகளே.

கோபயாஷி 1957-இல் காலமானார். 1973-இல் கம்பெனி மக்கள் வாயில் வழங்கிய ஹங்கியூ என்ற சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது. 2005-இல் ஒரு முதலீட்டு நிதி ஹான்ஷினின் பங்குகளைப் பெருமளவில் வாங்கிக் குவித்தபோது, அவற்றை வாங்க முன்வந்தது 1920 முதல் போட்டியிட்டு வந்த ஹங்கியூவே. 2006 அக்டோபரில் இரண்டும் ஒரே தலைமை நிறுவனத்தின் கீழ் வந்தன. வண்டிகள் இன்றும் தனித்தனிக் கம்பெனிகளாகவே ஓடுகின்றன.

2019 முதல் ஒஸாகா-உமேதா என்று பெயர் பெற்ற அந்த நிலையத்தில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். கோபேக்கும் தகராஸுகாவுக்கும் கியோத்தோவுக்கும் மூன்று வண்டிகள் ஒரே கணத்தில் புறப்பட்டு, ஜூஸோ வரை பக்கத்தில் பக்கத்தில் செல்கின்றன. இடையில் நாகாத்ஸு என்று ஒரு சிறு நிலையம் இருக்கிறது. கோபே பாதைக்கும் தகராஸுகா பாதைக்கும் அங்கே நடைமேடை உண்டு. பின்னால் வந்து சேர்ந்த கியோத்தோ பாதைக்கு நடைமேடை கட்ட இடமில்லை. மெதுவாகச் செல்லும் வண்டியாயினும், கியோத்தோ வண்டி மட்டும் அங்கே நிற்பதில்லை.